அவித்த விதை

அந்த ஆள் கோணாமலையைக் கண்டாலே எனக்கு ஓங்காளம் வரும். எங்கள் ஊர் பழுகாமத்துச் சங்கத்துக்குத் தலைவராம். தொண்ணூற்றொன்றில், எங்கள் கிணற்றடியைச் சுற்றி நான் நட்டு வளர்த்த மயில்கொன்றை வேலியை வேரோடு பிடுங்கிப் போட்டது இந்த ஆள்தான். எதிரேயிருந்த ஆமிக் காவலரணுக்கு மறைக்கிறதாம். ஆமிக்காரன் வாய் திறந்து கேட்கும் முன்னரே செய்து கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து என் மகள் கண்ணகை உடுத்த சட்டைக்கு மேலே சேலையும் சுற்றிக்கொண்டுதான் குளிக்கிறாள். அப்படியும் அங்கே நிற்கிறவன் விசில் அடிக்கிறான்.

ஒரு மாதத்தில் அதே மனிதர் பல்லை இளித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மயில்கொன்றை விதைக் கொட்டை கொஞ்சம் தா கா, அன்னப்பூரணி. ஆமிக் காம்ப் வாசல்ல பூமரம் வைக்கப் போறம்."

என் பிள்ளையின் மானத்தை மறைத்த செடி இனி அவன்களின் வாசலில் பூக்க வேண்டுமாம்! வெட்கம் கெட்ட பிறவி.

"நாளைக்கு வாங்க. ஊறவச்சித் தாறன்" என்றேன்.

மயில்கொன்றை விதைக்குத் தோல் தடிப்பு. நுனியைக் கல்லில் உரசி, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு போட்டால் வீங்கும். நட்டு ஒரு கிழமையில் முளைத்துவிடும். நான் உரசவில்லை. பானையில் கொட்டி, பயறு அவிக்கிற மாதிரி அவித்தேன்.

"நல்லா ஊறியிருக்கு கா" என்று கும்பிடாத குறையாக வாங்கிப் போனார். அவர் போன திசையைப் பார்த்துக் காறித் துப்பினேன். வயிறு குளிர்ந்தது.

மூன்று கிழமை கழித்து, பட்டணம் போக, ஆமிக்குக் காட்டுகிற சங்கக் கடிதம் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை. அவர் வீட்டு வளவுக்கு எதிரே மண்மூட்டை அடுக்கிப் புதிதாக ஒரு காவலரண் எழும்பியிருந்தது. கிணற்றடியைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தார்கள். அவருடைய மகள் புஸ்பம், கண்ணகையின் வகுப்புப் பிள்ளை, நனைந்த பாவாடையை ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டு வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தந்த கொட்டைதான் மாமி. எங்களுக்கெண்டு கேக்க அப்பாக்கு வெக்கம், அதான் காம்புக்கெண்டு சொன்னவர். இன்னும் ஒண்டும் முளைக்கல்ல. ஒவ்வொரு நாளும் ஊத்துறன். தண்ணி காணாதோ, இன்னும் ஊத்தவோ?"

எதிரேயிருந்து விசில் வந்தது. அவள் தலை நிமிரவில்லை.

"தண்ணி காணும் புள்ள" என்றேன். வாயெல்லாம் கசந்தது.

வீட்டுக்கு வந்து, போத்தலில் மிஞ்சிக் கிடந்த விதைகளைப் புஸ்பத்துக்கென்று கல்லில் உரசத் தொடங்கினேன். ஆள் உயரம் வளர ஒரு வருசமாவது வேண்டும். அந்த மூன்று கிழமையும் அந்தப் பிள்ளை அவித்த விதைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அன்று நான் துப்பிய எச்சில் என் முகத்தில்தான் விழுந்திருக்க வேண்டும்.