அம்புக்குறி

லாரியிலிருந்து இறக்கிய கன்வெர்ட்டர்களில் ஒன்றைக் கையில் எடுத்ததுமே மாரிசெல்விக்குத் தெரிந்துவிட்டது. காரின் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பதில் பிளாட்டினம் பூசியிருக்கும், அதற்குத்தான் விலை. கார் கம்பெனி பொருத்தியதென்றால் முத்திரையும் நீண்ட எண்ணும் உடம்பிலேயே அழுந்தியிருக்கும். இதில் எண்ணைத் தனித்தகட்டில் அடித்து ஒட்டவைத்திருந்தார்கள். மெலிந்த தகடு, புகை போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. பின்னால் கடையில் வாங்கி மாட்டியவை. இவற்றில் பிளாட்டினம் பேருக்குத்தான் இருக்கும்.

வல்லம் வடகாலில் வயல்களைத் தூர்த்துக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அவள் வேலை பார்த்த காயலாங்கடையின் முதலாளி நாகப்பனுக்கு இரும்பின் எடை தெரியும், இது தெரியாது. மாரிசெல்வி சொன்னால்தான் வாங்குவார். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் புருஷன் பேச்சிராஜ். போன ஆடியில் இதே கொட்டகையில் பெட்ரோல் டேங்கை வெட்டும்போது தீப்பிடித்துச் செத்துப்போனான். "வாடை அடிக்கி மொதலாளி, கழுவிட்டு வெட்டுதேன்" என்று அவன் சொன்னதும், "லோடு நிக்குது, வெட்றா" என்று நாகப்பன் விரட்டியதும் அவள் காதில் விழுந்தவை. போலீஸிடம் நாகப்பன் வேறு சொன்னார்: "குடிச்சிகினு வேல செஞ்சான் சார்." குடியென்றாலே ஆகாதவன் பேச்சிராஜ். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்த அவன் ஊருக்குச் சவப்பெட்டி போய்ச் சேருமுன் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. அவன் அப்பா பிச்சையா மகனைப் பார்க்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரியம் முடிந்து அவள் இங்கேயே வேலைக்குத் திரும்பினாள். போக்கிடம் இல்லாமல் வந்திருக்கிறாள் என்று நாகப்பன் நினைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, கம்பெனி சாமான்தானே?" பிள்ளைப்பாக்கத்து மனையை விற்ற பணத்தோடு இந்த லோடுக்காகக் காத்திருந்தார் அவர்.

"அம்புட்டும் கம்பெனி சாமான்தான் மொதலாளி."

சொன்னபின் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் எடுத்தது.

நாகப்பன் வாங்கி அனுப்பியதில் ஒன்றிரண்டைப் பொடித்துச் சோதித்துப் பார்த்த மும்பை வியாபாரி லோடை அப்படியே திருப்பி அனுப்பினான். நாகப்பன் திருட்டுப்பயல் என்று தொழிலில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டான். யாரும் அவர் போனை எடுக்கவில்லை.

"உனுக்குத் தெரியாம இருக்காது. ஏன் சொல்லல?"

"குடிச்சிருந்தேன் மொதலாளி."

நாகப்பன் கையை ஓங்கினார். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நெருப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். கை தானாகக் கீழே இறங்கியது.

"நான் திருடன் இல்லம்மா. நாந்தான் தப்பா சொல்ட்டேன்னு நீ ஒரு வார்த்த சொன்னா அந்த மும்பைக்காரன் நம்புவான்."

"எங்க மாமா உசுரோடதான் இருக்காக. அவுகட்ட வந்து, ஒங்க மவன் குடிக்கலன்னு சொல்லுங்க. பொறவு நான் சொல்லுதேன்."

ஐப்பசி மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒருவரும் தார்ப்பாய் எடுக்கப் போகவில்லை. குவிந்துகிடந்த கன்வெர்ட்டர்களின் ஒரு வாயில் விழுந்த தண்ணீர் மறு வாயில் கறுப்பாக ஒழுகி, நாகப்பனின் வெள்ளை வேட்டி நுனியை நனைத்தது. அவர் காலை நகர்த்தவில்லை. அவளும் நகரவில்லை.