இருபது நிமிடப் பள்ளம்

வேளாவேளைக்குச் சர்க்கரை போட்டு வளர்த்த ஈஸ்ட், அதாவது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர், பட்டினி கிடந்ததைப் போல நடந்துகொண்டது. அதை ஆய்வுக்கூடத்தில் ஆராயும் அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரே சூட்டில் வைத்துக் குலுக்கும் பெட்டிக்குள் இரண்டு குடுவைகள். ஒன்றில் சர்க்கரையை நிறுத்திவிடுவாள். மற்றதில் தாராளமாக இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, ரைபோசோம் புரதங்களுக்கான மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக இயங்குகின்றன என்று அளப்பாள். ரைபோசோம்தான் செல்லுக்குப் புரதம் செய்துதரும் ஆலை. அந்த ஆலைகளைக் கட்டவே செல்லின் சக்தியில் பெரும்பங்கு போய்விடும். அதனால் சர்க்கரை நின்ற சில நிமிடங்களிலேயே நூற்றுச் சொச்சம் மரபணுக்களும் சொல்லிவைத்தாற்போல் அடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அது அலுக்காது. விரலுக்கேற்ற வீக்கம் என்பதை ஈஸ்ட்டிடம்தான் கற்க வேண்டும் என்பாள்.

இந்த முறை, வயிறார உண்ட குடுவைக்கும் வரைபடத்தில் கோடு சரிந்தது. இருபது நிமிடம் பள்ளத்தில் கிடந்துவிட்டுத் தானாக மேலேறியது.

"குடுவையை மாத்தி எடுத்திருப்பீங்க," என்றார் பேராசிரியர். "தூக்கிப் போட்டுட்டு மறுபடி செய்யுங்க."

"மாத்தியிருந்தா இன்னொண்ணு இறங்காம இருந்திருக்கணுமே சார்? ரெண்டுமே இறங்கியிருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இரவு வீட்டில் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "உன் ஈஸ்ட் இன்னைக்காவது சொன்ன பேச்சு கேட்டுச்சாம்மா?"

"அது ஏதோ சொல்லுதுடி. எனக்குத்தான் புரியல."

மறுநாள் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஸ்பேனர் அக்காவைக் கூப்பிட்டாள்.

"முப்பது டிகிரின்னுதானே காட்டுது?" என்றாள் அக்கா.

"எப்பவும் முப்பதுதான் காட்டுது. அதான் சந்தேகம்."

அக்கா சிரித்தாள். "சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்கீங்க. இந்தத் திரை நீங்க வச்ச சூட்டைத்தான் காட்டும், உள்ளே இருக்கிற சூட்டை இல்ல." ஒரு குடுவையில் தண்ணீர் நிரப்பி, வெப்பமானியை அதில் இட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாதரசம் மளமளவென்று ஏறி முப்பத்தேழில் நின்றது. ஹீட்டரின் சுவிட்ச் அவ்வப்போது ஒட்டிக்கொண்டு அணைய மறுத்தது.

"கழட்டிடவா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா!" அவள் ஓடிப்போய்ப் புதிய ஈஸ்ட் குடுவையை அந்தச் சூட்டிலேயே வைத்து மாதிரிகள் எடுத்தாள். மாலையில் அதே பள்ளம் வந்தது. சூடு உறைத்ததும் ஈஸ்ட் ஆலை கட்டுவதை நிறுத்தியிருந்தது. சூட்டைத் தாங்கும் ஏற்பாடுகள் முடிந்ததும், பெட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கட்டத் தொடங்கியிருந்தது.

பேராசிரியர் முந்தைய கோட்டையும் இன்றைய கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூட்டுக்கு இப்படி அடங்கும்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயந்தான்," என்றார். "ஆனா எனக்குத் தோணலையே. உங்க மேல பழி போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல சார்." உண்மையிலேயே அவளுக்கு வருத்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், மூளையோ நரம்போ இல்லாமல், எப்போது நிறுத்துவது எப்போது தொடங்குவது என்று இவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறதே என்ற பிரமிப்பிலேயே அவள் இருந்தாள்.

ஸ்பேனர் அக்கா எட்டிப் பார்த்தாள். "இப்பவாவது கழட்டலாமா?"