ஆளில்லாத கரை

வாருங்கள் தோழர்களே, ஓவியம் ஒன்று செய்த அநீதியைக் கண்ணால் காணுங்கள்! நடுவே ஆறு. இடப்புறம் பாய்விரித்து வரும் கப்பல். வலப்புறம் பசுமையான கரை. அதில் மனிதத் தலை ஒன்றுகூட இல்லை. 1638இல் சுவீடன் நாட்டுக் குடியேறிகளின் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் டெலவேர் ஆற்றில் நுழைந்த காட்சியாம் அது! அக்குடியேறிகளின் வழிவந்தோர் நடத்தும் சங்கமொன்று, அதைப் பட்டுத் திரையாக நெய்து தரும்படி காஞ்சிபுரத்துக்கு அனுப்பியிருந்தது.

ஓவியத்தைத் தறிக்கு ஏற்பக் கணினியில் கட்டம் கட்டமாக மாற்றும் பொறுப்பு எஸ்தருடையது. சின்ன காஞ்சிபுரத்தில் உமாபதியின் பட்டுக்கடை மாடியில் அவளுக்கு வேலை. முந்தானையில் ஓர் அன்னம் நின்றால் எதிரே இன்னோர் அன்னம் நிற்கவேண்டும் என்பது இவ்வூர் வழக்கம். பாதியை வரைந்து, மறுபாதியைத் திருப்பி வைத்துவிடுவார்கள். பழகிய கை அன்றும் அப்படியே செய்துவிட்டது.

நெசவாளர் ஆதிகேசவன் மாதிரித் துண்டைக் கொண்டுவந்து விரித்தார். ஆற்றில் இரண்டு கப்பல்கள் முட்டிக்கொள்ள வந்துகொண்டிருந்தன.

"இன்னாமா எஸ்தரு, பெருமாள் கோயில் தெருவுல ரெண்டு லாரி மாட்டிக்கினா மாதிரி இருக்குது?" என்றார்.

சிரித்தபடியே இரண்டாம் கப்பலை அழித்தாள் எஸ்தர். அந்த இடத்தில் ஓவியத்தின் கரையைத் திரும்ப வைத்ததும் அது மொட்டையாகத் தெரிந்தது. எதிரில் யாருமே இல்லாமலா கப்பல் வந்து சேர்ந்தது என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. தேடிப் படித்தாள். அங்கே லெனாப்பே என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்திருந்தார்கள். நிலத்தைத் தந்துவிட்டதாக அவர்தம் தலைவர்களிடம் கையெழுத்தாகக் குறி வாங்கித்தான் சுவீடன்காரர்கள் கோட்டையே கட்டினார்கள். ஆக, குறி போட விரல் இருந்தது. ஓவியத்தில் நிற்க உடல் இல்லை!

உமாபதியிடம் போய்ச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேட்டதை நெய்ஞ்சு குடுக்கறதுதான் நம்ம வேலை. இந்த ஆர்டர் கைய வுட்டுப் போச்சுன்னா, மேல உன் நாற்காலியும் இருக்காது பா."

அந்த மிரட்டலுக்கு எஸ்தர் அஞ்சாமல் இல்லை. ஆனால் திருமுக்கூடல் பக்கம் அவள் பிறந்த தெருவை, நிலமற்ற கூலிகளாக இருந்தவர்களின் தெருவை, சாலைத் திட்ட வரைபடம் ஒன்று காலி இடம் என்று காட்டியிருந்தது. குடும்ப அட்டைகளை உயர்த்திப் பிடித்துத் தெருவே திரண்டு நின்றபிறகுதான் கோடு நகர்ந்தது. அந்தக் கூட்டத்தில் அவளும் நின்றிருந்தாள்.

மாலையில் சங்கத் தலைவி குனில்லா காணொளியில் வந்தார். கப்பலைக் கண்டு மகிழ்ந்து போனார். உமாபதி விடைபெற முனைந்தபோது எஸ்தர் குறுக்கிட்டு, இந்தக் கரையில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டாள். உமாபதி கண்ணை மூடிக்கொண்டார்.

குனில்லா அந்தக் கரையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். குழந்தைப் பருவம் முதல் பார்த்த ஓவியம் அது, ஒருநாளும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை என்று மெல்லச் சொன்னார். நீயே சிலரை வரைந்துவிடேன் என்றார். உமாபதிக்கு உயிர் வந்தது; நாளைக்கே போட்டுவிடலாம் என்றார். எஸ்தர் மறுத்தாள். அவர்கள் முகத்தை நான் கற்பனை செய்வது எப்படி நியாயம்? அவர்களின் வழிவந்தோர் இன்றும் இருக்கிறார்களே, அவர்களையே கேளுங்கள் என்றாள். கேட்கிறேன் என்று குனில்லா வாக்களித்தார்.

"தறி சும்மா நிக்கப்போவுது," என்று புலம்பினார் உமாபதி.

"கப்பல் பக்கத்த நெய்ஞ்சுக்கினு இருக்கறேன் பா," என்றார் ஆதிகேசவன். "அவ்ளோ தூரம் வந்த கப்பலு, கொஞ்சம் தண்ணியில நிக்கட்டுமே."

பதில் வந்தபோது எஸ்தரே திகைத்தாள். லெனாப்பே குடும்பத்தார் சங்கத்துக்கு வந்து, குனில்லாவோடு அமர்ந்து, கரையைத் தாங்களே வரைந்து அனுப்பியிருந்தார்கள். பெண்கள் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வலை உலர்த்தினான். கப்பலை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை வேடிக்கை பார்ப்பதற்காக நாங்கள் அங்கே வாழவில்லை என்று கீழே எழுதியிருந்தது.

"முதுகக் காட்டிக்கினு இருக்கறாங்களேமா? எதிருக்கெதிர் வக்கறதில்லையா?" என்றார் ஆதிகேசவன்.

"அவங்க வேலைய அவங்க பாக்கறாங்கணா. நெய்யுங்க."

ஆதிகேசவன் நெய்தார். மாடியில் எஸ்தரின் நாற்காலியும் போட்ட இடத்திலேயே இருந்தது. வலை உலர்த்துகிறவனின் தோள் பட்டில் எழுந்த பொழுது, இப்படியொரு திரை தம் கடையில் இதுவரை நெய்ததில்லை என்று வாடிக்கையாளர்களை அழைத்துக் காட்டினார் உமாபதி!

படிப்பவரே, உங்கள் ஊரிலும் ஆளில்லை என்று எழுதப்பட்ட தெரு இருக்கும். எழுந்து அங்கே செல்லுங்கள். கதவைத் தட்டுங்கள். அவர்களுக்காக நீங்கள் பேசவேண்டாம். வருகிற கிராம சபையில் அவர்கள் பேச இடம் பிடித்துக் கொடுங்கள். அவர்கள் சொன்னது தீர்மானமாகப் பதிவாகும் வரை இருக்கையை விட்டு எழாதீர்கள்!