ஒற்றைக் குடை

மேனேஜர் கொண்டுவந்து போர்த்திய ரோஜாப்பூ விரிப்பை, சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் கிடந்த அப்பாவின் மேலிருந்து உருவி, நாலாய் மடித்து அந்த மேனேஜர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள் மகள்.

“என்னம்மா இது? வேலை செஞ்சவங்க யார் போனாலும் கம்பெனி செய்யற மரியாதை.”

“அவருக்கு இந்த ரோஜாவைக் கண்டாலே ஆகாது சார்.”

ஆகுமா பின்னே? படுக்கை விரிப்புகளுக்கு டிசைன் வரைகிற மனுஷர். ‘உங்க இஷ்டம்போல வரைங்க’ என்பாராம் மேனேஜர். வரைந்து கொண்டுபோனால், ‘வேண்டாம், போன வருஷ ரோஜாவே போதும்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிடுவாராம். இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்து. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தாளைக் கொண்டுவந்து ஃபைலில் செருகிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு மேனேஜர் வசமாக மாட்டியிருக்கிறார்.

அலமாரியிலிருந்து வேறொரு விரிப்பை எடுத்துவந்து போர்த்தினாள். அப்பா தன் கையால் துணியில் தீட்டியது. முழுக்க மழைக்கோடுகள், ஒரு மூலையில் ஒரே ஒரு மஞ்சள் குடை.

மேனேஜர் குனிந்து பார்த்தார். “அடடா, பிரமாதமா இருக்கே! யார் வரைஞ்சது?”

“அப்பாதான். நீங்க வேண்டாம்னு சொன்னது.” அப்பாவின் ஃபைலைத் திறந்து அதே மழையும் குடையும் வரைந்த தாளைக் காட்டினாள். சிவப்பு மை அப்படியே இருந்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள்.

“போனது போகட்டும்மா. இதை இப்பப் போடலாம். அவர் பேரையே அச்சடிப்போம்.”

அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “குடுத்துடுடீ. ஒரு விரிப்புலயாவது பேர் வரணும்னு எவ்வளவு ஏங்கினாரு!”

அது உண்மைதான். மகள் தடுமாறினாள். “எதையும் மாத்தாம, அப்படியே போடுவீங்களா சார்?”

“அப்படியேதான்மா!” அவர் விரிப்பைத் தடவிப் பார்த்தார். விரல் குடையருகே நின்றது. “இந்தக் குடையை மட்டும் எடுத்துட்டு, ஒரு ரோஜா வெச்சோம்னா...”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் ஃபைலை அப்பாவின் கைக்கடியில் வைத்தாள். அதிலிருந்த படங்கள் எதற்கும் நகல் கிடையாது.

“ஐயோ, எல்லாத்தையும் எரிக்கப் போறியாம்மா?”

“எல்லாத்துலயும் வேண்டாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

அம்மா எழுந்து வந்தாள். குடை கசங்கியிருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பெட்டியை மூடினார்கள். மடித்த ரோஜாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேனேஜர் கையில் பிடித்தபடி நின்றார்.