வைத்தியர் மகள் கையெழுத்து

சான்றிதழ்ப் பிரிவு குமாஸ்தா விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளைப் பார்த்தார். மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

“சார், சமூகம்ங்கற கட்டத்துல தப்பா எழுதிட்டீங்க.”

“என்ன தப்பு?”

“ஆங்கிலோ இந்தியன்னு போட்டிருக்கு.”

“ஆமா. நான் அதான்.”

குமாஸ்தா சிரித்துவிட்டார். “விளையாடாதீங்க சார். அவங்கல்லாம் செக்கச்செவேல்னு இருப்பாங்க. நீங்க என்னைவிட ரெண்டு பிடி கறுப்பு கூட இருக்கீங்க.”

விண்ணப்பம் கொண்டுவந்தவர் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்த அத்தை ஒருத்தி, ‘மைக்கூடு கவிழ்ந்துடுச்சு போல’ என்று சொல்லி, மைக்கு இங்கிலீஷில் உள்ள ‘இங்க்’கை நீட்டி வைத்த பேர்தான் ‘இங்கி’. வீட்டில், தெருவில், நிலையத்தில் எல்லோருக்கும் அவர் இங்கிதான். கிண்டலாக ஒட்டிய பேர் நாளடைவில் சட்டை மாதிரி உடம்போடு பொருந்திப்போய்விட்டது. ஆனால் அன்றைக்கு அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது, நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக, அந்த நிறம் உடம்பில் சுட்டது.

அவருடைய ஆறு வயது மகளை ஆங்கிலோ இந்தியச் சமூகப் பள்ளியில் சேர்க்க இந்தச் சான்றிதழ் வேண்டும். இன்னும் மூன்று வாரம்தான் கெடு.

“அப்பா வழியில முதல்ல இங்க வந்த வெள்ளைக்காரர் வரைக்கும் ஆதாரம் கொண்டு வாங்க, பாக்கலாம்” என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் குமாஸ்தா.

விஷயத்தைக் கேட்டதும் இங்கியின் அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்தது. அவருக்குச் சட்டென்று சிவக்கும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பால் நிறம், பச்சைக் கண், முறம் மாதிரி கை. வீட்டுக்குள் இங்கிலீஷ், வெளியில் தமிழ் என்று வளர்ந்தவர்; வீட்டுக்குள் திட்டுவதற்கு மட்டும் தமிழை எடுப்பார்.

“என்கிட்ட ஒரு காகிதமும் கேக்காம ஒரே நாள்ல குடுத்தாங்கடா. அதே அப்பா, அதே அம்மா. வா, நான் கேக்கறேன்.”

மறுநாள் இருவரும் போனார்கள். அக்காவைக் கண்டதும் குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார். “வாங்க மேடம், உக்காருங்க. உங்களுக்கா சான்றிதழ்? இவர் உங்க டிரைவரா?”

“டிரைவர்தான்” என்றார் அக்கா. “தீயணைப்பு வண்டிக்கு. எனக்குக் கூடப் பிறந்த தம்பி.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். ஆதாரம் வந்தே ஆக வேண்டும் என்றார்.

செத்துப்போன அப்பா அந்த வம்சக் கணக்கையெல்லாம் வாய்ப்பாடமாகச் சொல்லுவார். முதல் ஆள் பீரங்கிப் படைச் சிப்பாய். அவர் மகன் தண்டவாளம் போட்ட கூட்டத்தில் மேஸ்திரி. அவருக்கு மகன் தந்தி அடித்தவர். அடுத்தவர் ரயில் ஓட்டியவர். அப்பா தீயணைப்பு நிலைய அதிகாரி. சித்தப்பாக்களும் மாமாக்களும் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியபோது, ‘வண்டியை யார் எடுப்பா? தீப்பிடிச்சா யார் போவா?’ என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பட்டியலில் ஆண்கள் மட்டும்தான். முதல் சிப்பாயின் மனைவியைப் பற்றிக் கேட்டால், ‘யாரோ போர்ச்சுகீசியக் கப்பல் தலைவனோட பொண்ணு’ என்று முடித்துவிடுவார்.

மாதா கோயில் அலுவலகத்தில் பதிவேடுகளைக் காக்கிறவர், தும்மலோடு பிறந்தவர் போல இருந்தார். மூன்று நாள் தேடினார்கள். அப்பா, தாத்தா, அவர் அப்பா என்று ஒவ்வொரு ஞானஸ்நானமும் கிடைத்தது. நாலாவது நாள் மத்தியானம் தோல் அட்டை போட்ட பெரிய ஏட்டைப் பதிவேட்டுக்காரர் மேஜையில் கிடத்தினார்.

“உங்க பீரங்கிக்காரர் கல்யாணம் இதுல இருக்கணும். மெதுவா புரட்டுங்க, அப்பளம் மாதிரி நொறுங்கும்.”

அக்காதான் கண்டுபிடித்தார். இங்கிலீஷில் பாதிரியாரின் சாய்ந்த கையெழுத்து. மணமகன்: பீரங்கிப் படை, இன்ன பேர். மணமகள் என்ற இடத்தில் பேர் இல்லை. ‘இந்நாட்டுப் பெண்’ என்று இரண்டே சொல்.

அக்கா வாசித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப கப்பல் தலைவன்?” என்றார் தம்பி.

“கிடையாதுடா. அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும். சாகறதுக்கு முன்னாடி சொன்னார். உன்கிட்ட சொல்லாதேன்னார்.”

“ஏன்?”

“நீ உன் நிறத்துக்குக் காரணம் கேப்பேன்னு.”

தம்பி ஏட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே கையெழுத்துக்கான இடம். மணமகனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது போல. கோணலாக ஒரு பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் பழுப்பு மையில் ஏதோ ஒரு கிறுக்கல். பாதிரியாருக்கு அது கிறுக்கலாகத்தான் தெரிந்திருக்கும். அக்காவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவர் படித்ததெல்லாம் இங்கிலீஷில். தம்பி அப்படி இல்லை; தெருப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தமிழில் படித்தவர்.

“அக்கா, இது எழுத்து. நம்ம எழுத்து. புள்ளி வைக்காம எழுதியிருக்கு.”

தாளைத் தொடாமல் விரலை மேலாக ஓட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். வை. த. தி. ய. இரண்டு தடவை தப்பாகப் படித்தார். பதிவேட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்:

“வைத்தியர் மகள் கையெழுத்து.”

பதிவேட்டுக்காரர் தும்மக்கூட மறந்துவிட்டார். அந்தக் காலத்தில் எத்தனை பெண்களுக்குப் பேனா பிடிக்கத் தெரிந்திருக்கும்? சிப்பாய் காயம்பட்டு வைத்தியர் வீட்டில் கிடந்தாரா, மருந்து அரைத்துக் கொடுத்தவள் இவள்தானா, யாருக்குத் தெரியும். ஆனால் எழுத்து திடமாக, நெளியாமல், கட்டத்துக்கு வெளியே போகாமல் நின்றது.

“புருஷன் பெருக்கல் போட்டிருக்கார்” என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவில் தடம் மாறிக் கண்ணில் நீர் கட்டியது. “இவ்வளவு நாளா நாம அந்தப் பெருக்கல் குறியை வெச்சுத்தான்டா பீத்திக்கிட்டிருந்தோம்.”

தம்பி தன் கையை அந்தப் பக்கத்தின் அருகே வைத்துப் பார்த்தார். கறுத்த, கயிறு உரசித் தடித்த கை. இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடம் கேட்காமலே இருந்த கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. அவருக்கு நெஞ்சு விரிந்தது.

சான்று போட்ட நகல்களோடு போனபோது குமாஸ்தா அவற்றை அதிகாரியின் அறைக்கே கொண்டு போனார். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசி நகலில் நின்றார்.

“ஆண் வழி சரியா இருக்கு. இந்த அம்மாவைப் பத்தி எங்களுக்குத் தேவையில்லை. இந்தத் தாளை எடுத்துடலாமே.”

“எடுக்க முடியாது சார்” என்றார் இங்கி. குரல் உயரவில்லை. “ஆங்கிலோன்னு ஒரு சொல், இந்தியன்னு ஒரு சொல். முதல் சொல்லு அவர். ரெண்டாவது சொல்லு இவங்க. பாதிப் பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களும் இவங்கதான்.”

அதிகாரி தாளை மறுபடி எடுத்தார். தானே எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு அதையும் கோப்பில் வைத்துக் கட்டி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது குமாஸ்தா பின்னாலேயே வந்தார். “சார், அன்னிக்கு நான் பேசினது...”

“விடுங்க. நீங்க சிரிக்கலேன்னா நாங்க தேடியிருக்க மாட்டோம்.”

மகளுக்கு இடம் கிடைத்தது. அடுத்த மாதம் சமூக மன்றத்தில் குடும்பங்கள் கூடியபோது, ஒரு பெரியவர் வழக்கம்போலத் தன் முன்னோர் கர்னல் என்று ஆரம்பித்தார். இங்கி எழுந்து, “நாங்க வைத்தியர் வீட்டுப் பிள்ளைங்க” என்று நடந்ததைச் சொன்னார். முதலில் நாற்காலிகள் நெளிந்தன. சொல்லி முடித்தபோது, இங்கி என்று பேர் வைத்த அத்தை, இப்போது எண்பதைத் தாண்டியவர், கைத்தடியைத் தரையில் தட்டினார்.

“எங்க மாமியார் வீட்லயும் ஒரு கப்பல் தலைவன் பொண்ணு உண்டு. எனக்கு எப்பவுமே சந்தேகம்தான். அந்த ஏட்டை நானும் பாக்கணும்.”

இரண்டு வாரம் கழித்துப் பதிவேட்டுக்காரர் போன் செய்தார். பின்னணியில் கசகசவென்று ஆட்கள் சத்தம்.

“பதினோரு குடும்பம் சார். வரிசையில நிக்கறாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க அம்மா வேணுமாம். இங்கிலீஷ் நான் படிச்சிடுவேன். மத்த எழுத்தெல்லாம் படிக்க ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை டூட்டி இல்லேன்னா வாங்களேன்.”

“காலையிலயே வந்துடறேன்” என்றார் இங்கி. “அக்காவையும் கூட்டிட்டு வரேன். இப்பதான் எழுத்து பழகறாங்க. எம்பொண்ணுதான் வாத்தியார்.”