நானூற்றுப் பன்னிரண்டு கிலோ

சரக்கு முனையம் திறந்த நான்காம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அதன் மதில்சுவரை ஒட்டிய தெருவில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தது. முந்தைய நாள் பதினொன்றரை. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதே குச்சிக் கைகள், அதே ஒழுகும் மூக்கு. பல் துலக்கிவிடலாம் என்று அம்மா தூக்கப் போனாள். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவள் அந்த முனையத்திலேயே சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவள். எந்தப் பெட்டியையும் கண்ணால் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவாள், இருபது கிலோ முன்பின் இருக்காது. அப்படிப்பட்டவள் மறுபடி குனிந்து தூக்கிப் பார்த்தாள்; குழந்தை அசையவில்லை.

"என்னங்க, இங்க வாங்க! பாப்பாவத் தூக்க முடியல!"

ஈரத் தலையோடு ஓடிவந்த கணவன், விளையாட்டு என்று நினைத்து ஒரு கை கொடுத்தான், பிறகு இரண்டு கையும் கொடுத்தான், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். குழந்தை தன்பாட்டுக்கு எழுந்து சமையலறைக்கு ஓடியது. அது மிதித்த இடமெல்லாம் தரை ஓடு விரிசல் விட்டது.

டாக்டர் வந்தார். அவருடைய எடைக் கருவி நசுங்கியது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் சளி இருக்கு, வேற ஒண்ணுமில்லம்மா" என்றார், தன் பேச்சைத் தானே நம்பாதவர்போல. கடைசியில், லாரிகளை நிறுத்தி எடை போடும் முனையத்து மேடையில் குழந்தையை ஏற்றிய பிறகுதான் அந்த எண் தெரியவந்தது. வார முடிவுக்குள் தெருவில் இன்னும் ஆறு குழந்தைகள் கனத்துப்போனார்கள். ஏழு பேருமே முனையம் திறந்த பிறகு பிறந்தவர்கள். லாரிப் புகையின் கரி எல்லா வீட்டிலும் ஒரேமாதிரிதான் படிந்தது; ஆனால் பெரியவர்கள் யாருக்கும் ஒரு கிராம் கூடவில்லை. தாய்மார்கள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் முனையத்தின் மேலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். வெளியே போகும் பெட்டிகளில் எடை குறைகிறதாம்; அங்கே குறைந்ததும் ஏழு குழந்தைகளிடம் கூடியதும் கிலோ பிசகாமல் ஒன்றாம்.

"உங்க பொண்ணு மேல இருக்கறது எங்க சரக்கோட எடைம்மா."

"அப்படியா சார்? அப்ப இறக்கி எடுத்துட்டுப் போங்க."

குழந்தை மேலாளரைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தியது. யார் வந்தாலும் தூக்கச் சொல்லும் குழந்தை அது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். பழக்கதோஷத்தில் குனிந்து அக்குளில் கை கொடுத்தார். நிமிர முடியவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போனார். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்று மாலை அம்மா, யாரையும் கேட்காமல் ஃபோர்க்லிஃப்டைத் தெருவுக்குள் ஓட்டி வந்தாள். அதன் முன்கைகளில் இருந்த மரச்சட்டத்தின் மேல் போர்வையை நாலு மடிப்பாக விரித்து, குழந்தையை ஏறி உட்காரச் சொல்லி, மெல்ல மெல்லத் தன் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் விம்மி விம்மி அழுதாள். பிறகு அதே வண்டியோடு மற்ற ஆறு வீட்டுக்கும் போனாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பதினாறு வயது. ஒல்லி, கொஞ்சம் வாயாடி, எடை மூன்றரை டன். ஏழு வீடுகளிலும் தரைக்கு அடியில் இரும்புத் தூண் போட்டிருக்கிறார்கள். அவள் தினமும் நடுச்சாலையில் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறாள். ஓரத்துக் கல் பாவிய நடைபாதை தாங்காது. ஒவ்வொரு அடிக்கும் தாரில் ஒரு சாண் பள்ளம் விழுகிறது. சாலைத் துறைக்காரர்கள் இரண்டு தடவை நிரப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். முனையத்துக்குப் புதிதாக வரும் லாரி டிரைவர்கள், "என்னய்யா ரோடு இது?" என்று திட்டுவதுண்டு. பழையவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் கடந்து போகும்வரை காத்திருப்பார்கள்.