கெட்டித் தாள்

ஜெயிலில் இருக்கும் ஒருவருக்கு நீங்கள் எப்போதாவது கடிதம் எழுதியிருக்கிறீர்களா? நான் என் தம்பிக்கு ஏழு மாதத்தில் பதினாறு கடிதம் எழுதினேன். தாளையும் நானே செய்தேன்.

எனக்கு ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் வேலை. ஊரும் ஜெயிலும் அங்கிருந்து ஒன்றரை நாள் பஸ் பயணம். லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பிக்குப் போன் பேச அனுமதி இல்லை. அதனால் கடிதம்தான். வெட்டி விழும் காகிதத் துண்டுகளை அறைக்குக் கொண்டுவந்து ஊறவைப்பேன். மிக்ஸியில் கூழாக அரைத்து, கொசுவலை கட்டிய சட்டத்தில் அள்ளி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிடுவேன். மை பரவாமல் இருக்க மேலே மாவுக் கஞ்சி தடவவேண்டும். காய்ந்ததும் டம்ளரின் அடிப்பாகத்தால் தேய்த்தால் தாள் வழவழவென்று ஆகிவிடும். சில தாள்களுக்கு டீத்தண்ணீரில் நிறம் ஏற்றினேன். அதில் பேனா ஓடும்போது மனசு லேசாகும். உறை தபால்பெட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

அறையில் கூட இருந்த டெய்லர் கிண்டல் செய்வார். தம்பிக்கு எழுத எவனாவது இவ்வளவு மெனக்கெடுவானா, அந்தப் பொண்ணு யாரு என்பார். பதில் வராததைப் பற்றி மட்டும் அவர் கேட்டதில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. பேனாவைப் பிடிக்கத் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே சோம்பல்.

அப்புறம் வக்கீல் போன் செய்தார். அப்பீல் மனுவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தம்பி அடம்பிடிக்கிறானாம். தனக்கென்று வெளியே யாரும் இல்லை என்கிறானாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் மனு கோர்ட்டில் இருக்கவேண்டும். இல்லையென்றால் பதினான்கு வருஷம் உள்ளேதான். மேனேஜரிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

புதன்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்க்கத் தம்பி வர மறுத்துவிட்டான். நான் யாரென்று கேட்ட ஜெயில் தபால் கிளார்க், அலமாரியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பதினாறும் இருந்தன.

“ஏம்ப்பா, இது பேப்பரா அட்டையா? கறை வேற. இந்த மாதிரி தாள்லதான் போதை மருந்த ஊறவெச்சு அனுப்புறானுங்க. கடையில விக்கிற கோடு போட்ட தாள்னாதான் உள்ள விடுவோம்.”

“அது வெறும் டீத்தண்ணி சார். மேல கஞ்சி.”

“அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?”

நிறுத்திவைத்த கடிதத்தைப் பற்றிக் கைதிக்குச் சொல்லும் வழக்கம் இல்லையாம், அனுப்பியவருக்கும் இல்லையாம். முதல் இரண்டு மாதம் தபால் வரும் நாளில் தம்பி கதவோரம் வந்து நிற்பான் என்றார். அப்புறம் வருவதில்லையாம்.

அந்தக் கடிதக் கட்டை அவனிடம் காட்டவாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கும் இடமில்லை என்றார் கிளார்க். ஆனால் மனசு கேட்காமல், தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ‘டேய், பதினாறு லெட்டர் போட்டேன். உள்ள விடல. கோபம்னா என்னை அடி. கையெழுத்து போடு’ என்று எழுதினேன். அவரே உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“படிச்சான்ப்பா. ‘கையெழுத்து வேணும்னதும் அண்ணனுக்குப் பதினாறு லெட்டர் ஞாபகம் வருது பாரு’ன்னான்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு வக்கீல் உள்ளே போனார். எட்டரைக்கு வெளியே வந்தார். மனுவில் கையெழுத்து இல்லை.